பின்னால் வந்து இடித்தால்? சிறிய காரில் குடும்பமாகப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரையும், அங்கிருந்து முல்லைத்தீவுப் பக்கமும் சிறிய கார் வைத்திருக்கும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன. பெரும்பாலானோர் பம்பரைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். பதில்களில் பாதிக்கு மேல் சீற்றைப் பற்றியே இருப்பதற்குக் காரணம், பின்னால் இடி விழும்போது உடம்பைத் தாங்குவது சீற்தான், பம்பர் இல்லை.

பின்னால வந்து இடிக்கிறது முன்னால மோதுறதைவிடப் பயமில்லைத்தானே?

பெரும்பாலும் சரிதான். நேருக்கு நேர் மோதினால் இரண்டு வாகனங்களின் வேகமும் சேரும். பின்னால் இடித்தால் ஒன்றிலிருந்து மற்றது கழியும். நீங்கள் 40இல் போகும்போது பின்னால் வருபவர் 60இல் வந்து தட்டினால் வித்தியாசம் 20தான்.

ஆனால் நீங்கள் நின்றுகொண்டிருந்தால் கழிக்க ஒன்றும் இல்லை. ஆட்கள் ஏறாத இந்திய அல்டோ ஒன்று 800 கிலோவுக்கும் குறைவு. மூன்று கியூப் மணல் ஏற்றிய டிப்பர் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். அப்படி ஒன்று வந்து இடித்தால் டிப்பரின் வேகம் கொஞ்சம்தான் குறையும். காரோ நின்ற நிலையிலிருந்து கண்மூடித் திறப்பதற்குள் கிட்டத்தட்ட டிப்பரின் வேகத்துக்குத் தள்ளப்படும். அந்தத் தள்ளலைத்தான் முதுகும் கழுத்தும் வாங்குகின்றன.

இடிச்ச நேரம் ஒண்டும் தெரியேல்ல. அடுத்த நாள் கழுத்தைத் திருப்பேலாமல் கிடக்கு. ஏன்?

இடி விழுந்ததும் சீற் உங்கள் முதுகை முன்னுக்குத் தள்ளுகிறது. தலையைத் தள்ள ஒன்றும் இல்லாவிட்டால் அது இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். உடம்பு முன்னே போக, தலை பின்தங்க, கழுத்தின் கீழ்ப்பாதி பின்னாலும் மேற்பாதி முன்னாலும் வளைகிறது. இது ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிந்துவிடும். பிறகுதான் தலை பின்னால் சாய்ந்து, திரும்ப முன்னால் எறியப்படும். கழுத்தை விறைப்பாக்கித் தடுக்க உங்களுக்கு நேரம் கிடைக்காது.

கிழிந்த சிறு தசைநார்கள் வீங்கவும் தசை இறுகவும் சில மணி நேரம் எடுக்கும். அதனால் வலி மறுநாள் காலையில் வருகிறது. காரின் பின்பக்கத்தில் கீறல் மட்டும் விழுந்த இடியிலும் கழுத்து நோகலாம். பம்பரைப் பார்த்துக் கழுத்தின் நிலைமையைச் சொல்ல முடியாது.

சீற்றுக்கு மேல கிடக்கிற அந்தத் தலகணி படுக்கத்தானே? அதை எவ்வளவு உயரத்தில வைக்கிறது?

படுப்பதற்கல்ல. மேலே சொன்ன அந்தப் பின்தங்கலைத் தடுக்கத்தான் அது இருக்கிறது. அதனால் தலைத்தாங்கி என்றே இங்கே எழுதுகிறோம். அதன் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு வரவேண்டும். அவ்வளவு உயராவிட்டால் காதின் மேல்நுனிக்குக் கீழே மட்டும் போகக்கூடாது. தலையின் பின்பக்கத்துக்கும் அதற்கும் இடைவெளி மூன்று நாலு விரல், அதாவது 5, 6 சென்ரிமீற்றர். அதற்குள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது.

சீற்றின் தோளில் இரண்டு குழாய்கள் இறங்கும் இடத்தில், ஒரு பக்கத்தில் சிறு பொத்தான் இருக்கும். உயர்த்துவதற்கு அநேகமாகப் பொத்தான் தேவையில்லை, இழுத்தால் 'டக்' என்று ஒவ்வொரு வெட்டிலும் விழும். பதிப்பதற்குத்தான் பொத்தானை அழுத்தவேண்டும். உயர்த்திய பின் உள்ளங்கையால் மேலிருந்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பூட்டாமல் கீழே வந்தால் இடி விழும்போதும் வரும். வெட்டு உள்ள குழாயைப் பொத்தான் இல்லாத துளையில் மாற்றிச் செருகிய கார்கள் உண்டு. அவை எந்த உயரத்திலும் நிற்காது.

மிகத் தாழ்வாக விட்டால் இல்லாததைவிடச் சில வேளை மோசம்: பிடரிக்குக் கீழே முட்டுக்கொடுத்து, தலையை அதன்மேல் பின்னால் மடிக்கும். கராஜில் சேர்விஸ் முடிந்து வரும் கார்களில் நாலு தலைத்தாங்கியும் அடிமட்டத்தில் இருப்பது வழமை. வீட்டில் உயரம் கூடியவர் ஓட்டும் கார் என்றால் அவர் அளவுக்கு உயர்த்தி அப்படியே விடுங்கள். கட்டையானவருக்கு உயர்வாக இருப்பதால் தீமை இல்லை.

எங்கட வகன் ஆரில பின் சீற்றுக்குத் தலைத்தாங்கியே இல்லை. அப்பிடித்தான் வருமோ?

ஜப்பான் வகன் ஆரின் முன் சீற்றைத் தட்டையாகச் சாய்த்துப் பின் சீற்றோடு சேர்த்துப் படுக்கை மாதிரி ஆக்கலாம். அப்படிச் செய்ய முன் சீற்றின் தலைத்தாங்கியைக் கழற்றவேண்டும். கழற்றியவர்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். பின் சீற்றின் தலைத்தாங்கியைச் சாமான் ஏற்றக் கழற்றுவார்கள். தேடி எடுத்துப் பூட்டுங்கள். தொலைந்துபோயிருந்தால் பழைய உதிரிப்பாகக் கடையில் அதே மொடலுக்கு உரியதைக் கேளுங்கள். குழாய்களின் இடைவெளியும் தடிப்பும் மொடலுக்கு மொடல் மாறும்.

சில இந்திய அல்டோக்களில் முன் சீற்றும் தலைத்தாங்கியும் ஒரே துண்டு, உயர்த்த வழியில்லை. பின் சீற்றில் தோள் உயரம்தான் வரும். அந்தக் காரில் உயரமானவர்களை முன்னாலும் சிறியவர்களைப் பின்னாலும் இருத்துவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

சீற்றைச் சரிச்சு வச்சு ஓடினாத்தான் எனக்கு நாரி நோகாது. அதில பிழை இருக்கோ?

இருக்கிறது. சோதனைகளில் உடம்பை ஏறத்தாழ 25 பாகை சாய்வில்தான் இருத்துவார்கள். அதைவிட நன்றாகச் சாய்த்தால் இரண்டு பிழைகள் சேரும். தலைக்கும் தாங்கிக்கும் இடைவெளி ஒரு சாணாகிவிடும். அதோடு, இடி விழும்போது முதுகு சீற்றின்மேல் வழுக்கி மேலே ஏறும். தலை தாங்கியைத் தாண்டிப் போகும், பெல்ற்றும் வயிற்றுக்கு ஏறும்.

ஸ்ரியரிங்கின் உச்சியில் மணிக்கட்டை வைக்கும்போது முதுகு சீற்றை விட்டு எழும்பாமல் இருந்தால் சாய்வு சரி. நாரி நோவுக்கு இடுப்புக்குப் பின்னால் மெல்லிய துவாய் ஒன்றை மடித்து வையுங்கள். யாழ்ப்பாணத்துக்கு ஓடும்போது பக்கத்துச் சீற்றில் படுத்துக்கொண்டு வருகிறவருக்கும் இதே கதைதான்.

கழுத்துக்கு மெத்தை, தடிச்ச லெதர் கவர் போட்டால் இன்னும் பாதுகாப்புத்தானே?

தாங்கவேண்டியது தலையை, கழுத்தை இல்லை. கழுத்து மெத்தை பிடரிக்குக் கீழே தள்ளிக்கொண்டு தலையைப் பின்னுக்கு விடுகிறது. ஓடும்போது கழற்றிவிடுங்கள். கவர் போடுவதென்றால் தலைத்தாங்கியின் பொத்தானை மூடாமல், உயர்த்தப் பதிக்க விடுகிற கவராகப் பாருங்கள். சீற்றின் வெளி ஓரத்தில் 'எயார் பாக்' என்று சிறு துணி முத்திரை இருந்தால் அந்தப் பக்கத்தை மூடும் கவர் வேண்டவே வேண்டாம்.

பின்னால அடிச்சவன், ஆனால் எயார் பாக் ஒண்டும் வெடிக்கேல்ல. பழுதோ?

அநேகமாகப் பழுதில்லை. முன் எயார் பாக்குகள் முன்னாலிருந்து வரும் மோதலுக்கானவை. பின் இடியில் உடம்பு சீற்றுக்குள் போகிறது. அந்த நேரம் முன்னால் பை விரிந்து பயனில்லை. இடித்த வேகத்தில் உங்கள் கார் போய் முன்னால் நின்ற பஸ்ஸில் மோதினால் அப்போது விரியலாம். சாவியைப் போட்டதும் எயார் பாக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். அணையாமல் நின்றாலோ எரியாமலே விட்டாலோதான் பழுது.

அப்ப பின்னால இடிக்கேக்க பெல்ற் போட்டும் பிரயோசனமில்லையே?

இரண்டாவது கேள்வியில் சொன்ன அந்தத் திரும்ப எறிதலை ஞாபகம் வையுங்கள். பெல்ற் இல்லாதவர் சீற்றில் பட்டுத் தெறித்து ஸ்ரியரிங்கிலோ டாஷ்போர்டிலோ அடிபடுவார். மேலே வழுக்கி ஏறுவதையும் பெல்ற்தான் மட்டுப்படுத்தும். பின் சீற்றில் பெல்ற் இல்லாமல் இருக்கும் பெரியவர், முன்னால் இருப்பவரின் சீற்றை உடைக்கப் போதுமான பாரம். இடிக்கு முன் சீற், பின் சீற் என்று வேறுபாடு தெரியாது.

பின்னுக்கு ஒரு குரோம் பார் அடிச்சா இடியைத் தாங்கும் எண்டு சொல்லினம். உண்மையோ?

சந்தையில் ஓட்டோ தட்டினால் பெயின்ற்றைக் காப்பாற்றும். அதற்கு மேல் நம்பவேண்டாம். வெளியே தெரியும் பம்பர் வெறும் பிளாஸ்ரிக் மூடி. அதற்குப் பின்னால் சில கார்களில் நுரைத்துண்டும், குறுக்கே ஒரு இரும்புத் தண்டும், தண்டைச் சட்டத்தோடு இணைக்கும் நசியக்கூடிய இரண்டு பெட்டிகளும் இருக்கும். சில மலிவான சிறிய கார்களில் அந்தத் தண்டே இல்லை. காருக்கு அடியில் குனிந்து ரோர்ச் அடித்தால் தெரியும்.

அந்தப் பெட்டிகள் நசிந்துதான் இடியின் சக்தியைத் தின்னவேண்டும். குரோம் பாரைப் பிளாஸ்ரிக்கில் பூட்டினால் இடியில் கழன்று பறக்கும். சட்டத்தில் பற்றவைத்தால் நசியவேண்டியது நசியாமல் தள்ளல் நேரே சீற்றுக்கு வரும். அந்தக் காசுக்குப் பின்பக்க லைற்றுகளைச் சரிசெய்வது எவ்வளவோ மேல்.

சின்னக் காரில பின் சீற்றும் கண்ணாடியும் முட்டிக்கொண்டு கிடக்கு. பின்னுக்கு இருக்கிற ஆக்கள் பாவம்தானே?

கவலை நியாயமானது. 660 சிசி ஜப்பான் சிறு கார்களுக்கு அங்குள்ள சட்டப்படி நீளம் 3.4 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. அதற்குள் நாலு பேரை வசதியாக இருத்தினால் டிக்கிக்கு மிஞ்சுவது கொஞ்சம். நசிய இடம் குறைவு என்றால், உள்ளே வரும் தகரம் பின் சீற்றின் முதுகைச் சீக்கிரம் தொடும்.

ஜப்பான் வகன் ஆர் போன்றவற்றின் பின் சீற் முன்னும் பின்னும் நகரும். கால் நீட்ட வசதி என்று எல்லோரும் கடைசிவரை பின்னால் தள்ளிவிடுகிறார்கள். சிறுவர்கள் இருக்கும்போது நடு வெட்டுக்கு முன்னே கொண்டுவாருங்கள். முன் சீற்றில் முழங்கால் முட்டாத அளவு போதும். சீற்றின் முதுகு பூட்டியிருக்கிறதா என்று மேல் மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சில கார்களில் பூட்டாவிட்டால் சிவப்புக் கோடு தெரியும். பூட்டாத முதுகுக்குப் பின்னால் 50 கிலோ நெல் மூடை இருந்தால், பிரேக் பிடித்தாலே அது பிள்ளைகளின் முதுகில்தான். பாரமானவற்றைத் தரையில், சீற்றோடு ஒட்ட வையுங்கள். மண்வெட்டி, கத்தி, தேங்காய் என்பவற்றை சீற்றின் மட்டத்துக்கு மேலே அடுக்கவேண்டாம்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகேக்க ரெண்டு பிள்ளையளை டிக்கியில இருத்திறனாங்கள். கிட்டத்தானே?

கூடாது. முந்திய பதிலில் சொன்ன நசியும் இடம் டிக்கிதான். அங்கே இருக்கும் பிள்ளைதான் பம்பருக்கும் பின் சீற்றுக்கும் இடையில் அகப்படும். வற்றாப்பளையானாலும் மடுவானாலும் திருவிழா நாளில் ரோட்டு முழுக்க வாகனம் விட்டுவிட்டு நிற்கும். பின்னால் தட்டுப்படச் சாத்தியம் கூடிய நாளும் அதுதான். இரண்டு நடை போங்கள், அல்லது பெரிய பிள்ளைகளை பஸ்ஸில் அனுப்புங்கள்.

குழந்தைச் சீற்றைப் பின்னோக்கிப் பூட்டச் சொல்லினம். பின்னால இடிச்சால் அது பிள்ளைக்குக் கூடாதுதானே?

கேட்கச் சரிபோலத்தான் தெரியும். ஆனால் கடுமையான மோதல்களில் அநேகமானவை முன்னாலும் பக்கத்தாலும் வருகின்றன. அவற்றில் பின்னோக்கிய சீற் குழந்தையின் பாரமான தலையை முழு முதுகோடும் சேர்த்துத் தாங்குகிறது. பின் இடியில் அந்தச் சீற் காரின் சீற் முதுகுப் பக்கமாகச் சுழலும். குழந்தையை வார் பிடித்திருக்கும். ஐரோப்பிய விதி 15 மாதம் வரை பின்னோக்கியே இருத்தச் சொல்கிறது.

பூட்டும் இடம் பின் சீற்; முன் எயார் பாக் உள்ள காரில் முன்னால் பின்னோக்கிப் பூட்டவே கூடாது. பூட்டிய பின் அடியைப் பிடித்து ஆட்டினால் இரண்டரைச் சென்ரிமீற்றருக்கு மேல் அசையக்கூடாது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீற்றில் வருவது எங்கள் பக்கத்தில் வழமை. எந்தத் தாயின் கையும் மோதலில் பிள்ளையைப் பிடித்து வைக்காது. சீற் வாங்க வசதி இல்லாவிட்டால், பின் சீற்றில் பெல்ற் போட்ட ஒருவர் பெல்ற்றுக்கு வெளியே குழந்தையை வைத்திருப்பது அதைவிடக் கொஞ்சம் மேல். பெல்ற்றுக்குள் சேர்த்துக் கட்டினால் பெரியவரின் பாரமே குழந்தையை நசிக்கும்.

பெற்றோல் ராங்கி பின்னுக்குத்தானே இருக்கு. வெடிக்குமோ?

படத்தில் வருவதுபோல் வெடிப்பதில்லை. கசிந்து, தீப்பொறி பட்டு எரிவதுதான் ஆபத்து. பெரும்பாலான சிறிய கார்களில் ராங்கி பின் சீற்றுக்கு அடியில், பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது; ஹொண்டா பிற்றில் முன் சீற்றுகளுக்கு அடியில். 1970களில் அமெரிக்காவில் ஓடிய ஃபோர்ட் பின்ரோவில் ராங்கி பின் அச்சுக்குப் பின்னால் இருந்ததால், இடிபட்டு எரிந்து, 1978இல் அந்தக் கார்களைத் திருப்பி அழைக்கவேண்டி வந்தது. இப்போது அங்கே 80 கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் இடித்துப் பெற்றோல் ஒழுகுகிறதா என்று சோதிக்கும் சட்டம் இருக்கிறது.

இங்கே பெரிய ஆபத்து நாங்களே ஏற்றுவது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பழகிய பெற்றோல் கான் இன்னும் பல டிக்கிகளில் கிடக்கிறது. ராங்கியை நசியாத இடத்தில் வைத்துக் கட்டியவன் இருக்க, கானைக் கொண்டுபோய் நசியும் இடத்தில் வைக்கிறோம். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஏற்றியே ஆகவேண்டும் என்றால் நிமிர்த்தி, சீற்றோடு ஒட்டக் கட்டி, மூடியைப் போட்டு, கண்ணாடியைத் திறந்துகொண்டு நேரே வீட்டுக்குப் போங்கள்.

இடிபட்டதும் சாவியை நிறுத்துங்கள். பெற்றோல் பம்ப் தானாக நிற்கும் என்று நம்பவேண்டாம்; சில கார்களில் எயார் பாக் விரிந்தால்தான் அது நிற்கும். காருக்கு அடியில் மணம், ஈரம் இருந்தால் எல்லோரையும் இறக்குங்கள். திரும்ப ஸ்ராட் பண்ணிப் பார்க்கவேண்டாம்.

ஹைபிரிட் கார் இடிபட்டால் கரண்ட் அடிக்குமோ?

அக்வாவில் பெரிய பற்றரி பின் சீற்றுக்கு அடியில், பழைய பிரியஸில் பின் சீற்றுக்குப் பின்னால். கடுமையான மோதலில் அது தானாகத் துண்டிக்கும்படி செய்திருக்கிறார்கள். ஆனாலும் செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடக்கூடாது. என்ஜின் சத்தம் இல்லை என்பதற்காகக் கார் நின்றுவிட்டது என்று எண்ணாமல், 'ரெடி' விளக்கு அணையும்வரை பவர் பொத்தானை அழுத்துங்கள். வகன் ஆரில் முன் பயணி சீற்றுக்கு அடியில் உள்ள பற்றரி 12 வோல்ற் வகை. கரண்ட் அடிக்கும் பயம் அதில் இல்லை.

ஏ9இல மாடு குறுக்க வந்தால் பிரேக் போடத்தானே வேணும். பின்னால வாறவன் இடிக்காமல் என்ன செய்யிறது?

70இல் வருபவர் கண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி போனால் அதற்குள் 29 மீற்றர் கடந்துவிடுவார். நல்ல ரயர், காய்ந்த ரோட்டில் நிற்க மேலும் 28 மீற்றர். மொத்தம் 57. 50இல் வந்தால் 35 போதும். பாரம் ஏற்றிய வாகனத்துக்கு இன்னும் கூட. அதனால் நீங்கள் நிற்பது அவருக்கு எவ்வளவு முன்கூட்டித் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. காலையும் மாலையும் பட்டி கடக்கும் நேரத்தில், ரோட்டோரத்தில் மாடு தெரிந்ததுமே காலை எடுத்து, பிரேக்கை இரண்டு முறை மெல்லத் தொட்டுப் பின் லைற்றைக் காட்டுங்கள். பிறகு உறுதியாகப் பிடியுங்கள்.

நிற்கும்போது முன்னால் நிற்கும் வாகனத்தின் பின் ரயர் தரையைத் தொடுவது தெரியும் அளவு இடம் விடுங்கள். இடித்தாலும் முன்னால் நசியமாட்டீர்கள். இடப்பக்கம் ஒதுங்கவும் வழி இருக்கும். பின்னால் ஒரு வாகனம் வந்து நிற்கும்வரை கண் கண்ணாடியில், கால் பிரேக்கில், நாலு பக்க சிக்னலும் எரியட்டும். புகையிரதக் கடவையிலும், மாசி மாதம் நெல் காயப்போட்டு ஒரு பக்க ரோட்டு அடைபட்ட இடத்திலும் இதே முறை.

நீங்கள் முன்னால் போகிறவருக்குப் பின்னால் எவ்வளவு விடுவது? அவர் ஒரு மதகைக் கடந்ததும் 'இருபத்தொன்று, இருபத்திரண்டு' என்று சொல்லுங்கள். சொல்லி முடிய முன் நீங்கள் மதகில் நின்றால் நெருக்கம் கூடிவிட்டது. மழையில் இரண்டு மடங்கு.

வீட்டு ஒழுங்கைக்கு வலப்பக்கம் திரும்ப நிக்கேக்கதான் எனக்குப் பயம். எப்பிடி நிக்கிறது?

பயப்படவேண்டிய இடம்தான். நீண்ட நேர் ரோட்டில், நடுவில், வேகமாக வருபவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். சிக்னலைக் குறைந்தது 100 மீற்றருக்கு முன்பே போடுங்கள். காத்திருக்கும்போது சில்லுகளை நேராக வையுங்கள். வலப்பக்கம் திருப்பி வைத்திருந்தால், பின்னால் தட்டுப்பட்டதும் கார் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு, எதிரே வரும் பஸ்ஸின் முன் போய் நிற்கும்.

பின்னால் பஸ்ஸோ டிப்பரோ விரட்டிக்கொண்டு வந்தால் திரும்பும் எண்ணத்தை விடுங்கள். இடப்பக்கக் கரைக்கு இறங்கி நின்று, இரண்டு பக்கமும் வெறுமையானதும் கடவுங்கள். ஒரு நிமிடம்தான் போகும்.

பிரேக் லைற் எரியுதோ எண்டு தனிய எப்பிடிப் பாக்கிறது?

இருட்டியதும் மதிலுக்கு முதுகுகாட்டி நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். மதிலில் இரண்டு பக்கமும், மேல் லைற் இருந்தால் அதுவும், சிவப்பாக விழவேண்டும். பல கார்களில் பின் லைற்றும் பிரேக் லைற்றும் ஒரே குமிழ், இரண்டு இழை, 12 வோல்ற் 21/5 வாற். பக்கத்து முள்ளுகள் உயர வித்தியாசத்தில் இருப்பதால் ஒரு வழியில்தான் பூட்டலாம். வலுக்கட்டாயமாகத் திருப்பிப் பூட்டினால் இரவில் பின் லைற் எந்நேரமும் பிரகாசமாகவும், பகலில் பிரேக் லைற் மங்கலாகவும் எரியும். பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பதே தெரியாது. பிரேக் பெடலுக்கு மேலுள்ள சுவிச்சைத் தொடும் சிறு ரப்பர் பொடிந்தாலும் லைற் அணையாமல் எரியும். மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைப் பாருங்கள், மலிவான சாமான்.

இரவில லைற் இல்லாத லான்ட்மாஸ்ரருக்குப் பின்னால நாங்கள் போய் இடிச்சால்?

இது தலைகீழான இடி, காருக்கு மிகப் பொல்லாததும் கூட. லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியின் இரும்பு விளிம்பு காரின் முன் சட்டத்துக்கு மேலே, கண்ணாடி மட்டத்தில் இருக்கும். கார் அடியில் புகுந்துவிடும். நசியவேண்டிய பகுதி நசியாது, எயார் பாக்கும் பிந்தி விரியலாம். நெல் வெட்டு காலத்தில் பரந்தன், விசுவமடு, துணுக்காய்ப் பக்க ரோட்டுகளில் இருட்டிய பின் 50க்கு மேல் போகாதீர்கள்; கிட்ட லைற்றில் அதற்கு மேல் தெரிந்து நிற்க முடியாது. லான்ட்மாஸ்ரர் வைத்திருக்கும் உறவினர் இருந்தால், பெட்டியின் பின் இரண்டு மூலையிலும் சிவப்பு ஒளிதெறி ரேப் ஒட்டிக் கொடுங்கள். வருடம் ஒருமுறை சேற்றைக் கழுவவும் சொல்லுங்கள், சேறு பட்டால் அது தெறிக்காது.

கார் பழுதாகி நிண்டால் கொப்பு முறிச்சு வச்சால் போதும்தானே?

பகலில் போதும், இரவில் பச்சைக் கொப்பு தெரியாது. சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை நூறு எட்டு நடந்து பின்னால் வையுங்கள். மேலே சொன்ன 57 மீற்றரை நினைத்தால் ஏன் என்று விளங்கும். எல்லோரும் இறங்கி, காருக்குப் பின்னால் நில்லாமல், கரைக்கு அப்பால் நில்லுங்கள். காருக்குள் இருந்து கதைத்துக்கொண்டிருப்பது கூடாது.

இடிபட்டுக் கழுத்து நோகுது. சுளுக்குப் பாக்கிறவரிட்டப் போகலாமோ, புக்கை கட்டலாமோ?

முதலில் வைத்தியசாலை. கை கால் விறைப்பு, மின்சாரம் பாய்வதுபோல் குத்து, பலக்குறைவு, கழுத்தின் நடு எலும்பைத் தொட்டால் நோவு, வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலையிடி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஆளை அசைக்காமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். கார் எரிந்தால் மட்டும் இழுத்து வெளியே எடுங்கள். எலும்பு முறிவு இல்லை என்று படம் பார்த்துச் சொல்லும்வரை கழுத்தை முறிக்கவோ எண்ணெய் போட்டுத் திருப்பவோ விடாதீர்கள். முறிந்த எலும்பைத் திருப்பினால் நரம்பு போய்விடும்.

முறிவில்லை என்றானதும், வலி தாங்கும் அளவுக்குக் கழுத்தை மெல்ல அசைப்பதுதான் நல்லது. வாரக்கணக்கில் பட்டி கட்டி அசையாமல் வைத்தால் தசை இன்னும் இறுகும்.

பம்பரை மாத்திப் பெயின்ற் அடிச்சாச்சு. வேற பாக்க ஏதும் இருக்கோ?

நிறைய இருக்கிறது. ரிங்கறிங்காரர் பார்வைக்குத் தெரிவதைத்தான் நிமிர்த்துவார். பம்பர் மூடியைக் கழற்றியிருக்கும்போதே தண்டு வளைந்திருக்கிறதா, பெட்டிகள் நசிந்திருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். நசிந்த பெட்டியைச் சுட்டு இழுத்து நிமிர்த்த விடவேண்டாம். அடுத்த இடிக்கு அது சரியாக நசியாது. உதிரிச் சில்லு கிடக்கும் குழியில் சுருக்கம், பெற்றோல் ஊற்றும் குழாயின் ரப்பர், ராங்கியைத் தாங்கும் பட்டி, சைலன்சர் நகர்ந்ததா என்பதையும் பார்க்கவேண்டும்.

பிறகு முன் சீற்றுகள். ஆள் இருந்த சீற்றின் முதுகை மற்றச் சீற்றோடு ஒரே வெட்டில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று மற்றதைவிடப் பின்னால் சாய்ந்திருந்தால் பூட்டோ சட்டமோ வளைந்துவிட்டது, சீற் மாற்றவேண்டும். பெல்ற்றை முழுக்க இழுத்துப் பாருங்கள். இறுகி நின்றாலோ இழை கிளம்பியிருந்தாலோ அதுவும் மாற்றவேண்டும். கடும் இடி வாங்கிய குழந்தைச் சீற்றை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஸ்ரார் கூடின கார் வாங்கினால் பின்னாலயும் பயமில்லைத்தானே?

ஸ்ரார் எதைச் சோதித்துக் கொடுத்தது என்று பாருங்கள். 2014இல், கார்களை மோதிப் பார்த்து ஸ்ரார் கொடுக்கும் குளோபல் என்காப் அமைப்பு இந்திய அல்டோ 800, நானோ உட்பட ஐந்து கார்களுக்குப் பூச்சியம் கொடுத்தபோது செய்தது 64 கிலோமீற்றர் வேகத்தில் முன்னால் மோதும் சோதனை. பின்பக்கத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஐரோப்பிய என்காப் 2009இலிருந்து சீற்றும் தலைத்தாங்கியும் கழுத்தைக் காக்கும் விதத்தையும் மதிப்பெண்ணில் சேர்க்கிறது. ஆகவே ஸ்ராரைப் பார்த்தபின் மூன்றாவது கேள்வியின் அளவுகளோடு கடையிலேயே சீற்றில் இருந்து பாருங்கள்.

பின்பக்கம் வெட்டி ஒட்டின கார் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

டிக்கிக் கம்பளத்தை முழுக்கத் தூக்குங்கள். கொம்பனி ஒட்டில் ஒரே இடைவெளியில் வட்டக் குழிகள் வரிசையாக இருக்கும்; கராஜில் ஒட்டியதில் நீளப் பற்றவைப்பும் அதை மறைத்த தடித்த பசையும் இருக்கும். உதிரிச் சில்லுக் குழியில் தண்ணீர்க்கறை, டிக்கிக் கதவின் இரண்டு பக்க இடைவெளியும் சமமில்லாமை, ரப்பர் வாரைக் கழற்றினால் அடியில் வேறு நிறம், பின் சீற்றை உயர்த்தினால் தரைத் தகரத்தில் நெளிவு ஆகியவற்றைத் தேடுங்கள். பின் சட்டம் இரண்டையும் அடியிலிருந்து ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த காருக்கு ஏலத் தாளை, அதாவது அங்கே ஏலத்தில் விற்கும்போது காரின் நிலையைக் குறித்த தாளைக் கேளுங்கள். தரம் என்ற இடத்தில் இலக்கத்துக்குப் பதில் 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' இருந்தால் மோதித் திருத்திய கார். கார்ப் படத்தில் பின் மூலையில் 'டபிள்யூ' என்றால் தட்டி நிமிர்த்தியது, 'எக்ஸ்எக்ஸ்' என்றால் அந்தப் பாகம் மாற்றியது. தாளில் உள்ள சேசிஸ் இலக்கத்தைக் காரில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறு காரின் நல்ல தாளைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.